வாயு என்று சொன்னார்கள்: மருத்துவ நினைவுச் சூத்திரங்களில் பெண்ணுடல்

எங்கள் வீட்டு மாடியில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று பேர் நர்சிங் படிக்கிறார்கள், ஒருத்தி எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு. பூந்தமல்லியில் இது அதிசயமில்லை. போரூரிலிருந்து தண்டலம் வரைக்கும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. பொது சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் அரசு நிறுவனமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. குமணன்சாவடியிலும் கரையான்சாவடியிலும் மாடி எழுப்பியவர்களில் பலர் இந்தப் பிள்ளைகளை நம்பித்தான் எழுப்பினார்கள். தேர்வுக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல் மாடிப்படியில் உட்கார்ந்து அவர்கள் உரக்க மனப்பாடம் செய்வார்கள். கீழே நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் இரவு ஐந்து சொற்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. ஃபேட், ஃபீமேல், ஃபார்ட்டி, ஃபெர்ட்டைல், ஃபேர். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு சிரிப்பு. மறுநாள் தண்ணீர் மோட்டார் போட வந்தவளிடம் அது என்ன என்று கேட்டேன்.

“பித்தப்பைக் கல்லு ஆன்ட்டி. யாருக்கு வரும்னு ஞாபகம் வச்சிக்கறதுக்கு. குண்டா, பொம்பளையா, நாப்பது வயசா, புள்ள பெத்தவங்களா, செவப்பா இருந்தா சந்தேகப்படணும்.”

“செவப்புன்னா?”

“வெள்ளைக்காரங்க மாதிரி.”

“அப்ப நாம?”

மறுபடியும் சிரித்தாள். “எங்க வார்டுல யாருமே அப்படி இல்ல ஆன்ட்டி. ஆனா எழுதினா மார்க் உண்டு.”

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது. மருத்துவ மாணவர்கள் நோய்க்குறிகளை நினைவில் வைத்துக்கொள்ளப் படிக்கும் சிறு வாய்பாடுகளைப் பிரதிகளாக எடுத்துக்கொண்டு, ஒரு தமிழாசிரியை என்ற முறையில் வாசித்துப் பார்க்கிறேன். மருத்துவம் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஒரு நோய்க்குறி தவறாக வாசிக்கப்பட்டதன் விலையை எங்கள் வீடு கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1

நன்னூலை நடத்தும்போது சூத்திரத்தின் இலக்கணத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சில எழுத்துகளில் பல பொருள்களை அடக்க வேண்டும், சிறிய கண்ணாடி பெரிய உருவத்தைக் காட்டுவதுபோலத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறார் பவணந்தி. வகுப்பில் எந்த மாணவியும் கேட்காத ஒரு கேள்வி, மாடிப்படிச் சிரிப்பைக் கேட்ட பிறகு எனக்குள் எழுந்தது. கண்ணாடி சிறியது, சரி. அதன் முன்னால் நிற்பது யார்?

மனப்பாடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். விபத்துப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு நிற்கிற இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குப் புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை. பக்கவாதத்துக்கு முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கையும் ஆங்கில முதலெழுத்துகளால் ‘ஃபாஸ்ட்’ என்று கோத்து வைத்திருப்பது உலகெங்கும் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா, அப்படியானால் நேரத்தை வீணாக்காதே. இதில் கேலி இல்லை, ஆண் பெண் இல்லை, நிறம் இல்லை. நல்ல சூத்திரம் இப்படித்தான் இருக்கும்.

ஆங்கிலச் சூத்திரம் முதலெழுத்தால் நிற்கிறது. தமிழ் மருத்துவ நினைவு எண்ணாலும் எதுகை மோனையாலும் உவமையாலும் நிற்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி என்று மூன்றைச் சொன்னால் திரிகடுகம். சித்த மருத்துவர் நோயறியப் பார்க்கும் எட்டு: நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டு என்ற எண் நினைவில் இருந்தால் ஒன்று விட்டுப்போனாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறிப் பகுதி, கவிதையாகவும் மருத்துவக் குறிப்பாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விடுகிறார்கள். அது பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போல வளைந்து பரவினால் பித்தம், முத்துப்போல நின்றால் கபம். பாம்பு, மோதிரம், முத்து என்ற மூன்று உருவங்களைக் கேட்டவர் மறப்பது கடினம். நாடிக்கும் இப்படியே நடைகளைச் சொன்னார்கள். அன்னம், கோழி, மயில்போல நடந்தால் வாதம். ஆமை, அட்டைபோல ஊர்ந்தால் பித்தம். தவளை, பாம்புபோல நகர்ந்தால் கபம். விரல் நுனியில் உணர்வதைக் கண்ணால் பார்த்ததோடு முடிச்சுப் போடும் வித்தை இது. அந்த மரபின் மருத்துவத்தை ஏற்கிறவர்களும் ஏற்காதவர்களும் இந்த வித்தையை ரசிக்கலாம்.

ஆனால் அதே மரபில் இன்னொரு விதியும் இருக்கிறது. ஆணுக்கு வலக்கையில் நாடி பார், பெண்ணுக்கு இடக்கையில் பார். பெண் என்று ஒருத்தி இருக்கிறாள், அவளை வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்று இந்த விதிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வேறுபாட்டை வலது இடது என்ற பழைய படிநிலைக்குள்தான் அதனால் வைக்க முடிந்தது. வலக்காலை எடுத்து வைத்து வா என்று மருமகளுக்குச் சொல்லும் ஊரில் இடம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

2

ஐந்து எஃப்களுக்கு வருவோம். முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடலாம். பித்தப்பைக் கற்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகின்றன என்பது உண்மை. ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொழுப்பைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் பித்தப்பை சுருங்குவதைத் தளர்த்துகிறது. தேங்கிய நீரில் கல் சேர்கிறது. உடல் எடையும் வயதும் காரணங்களே. ஆகவே பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதே செய்தியை ‘ஈஸ்ட்ரோஜன், கர்ப்பம், எடை, வயது’ என்றும் சொல்லியிருக்கலாம். அப்போது அவை காரணங்களாக இருந்திருக்கும். ‘குண்டு, பெண், நாற்பது, பிள்ளை பெற்றவள், சிவப்பு’ என்று சொல்லும்போது அவை ஓர் ஆளாகிவிடுகின்றன. கதவைத் திறந்து உள்ளே வருகிறவளை, அவள் வாய் திறப்பதற்கு முன்பே அடையாளம் காட்டுகிற அங்க அடையாளங்கள் இவை. நாற்பது வயதுக் குண்டுப் பெண்ணைப் பற்றி இதே எஃப் மோனையில் ஒரு கேலித்தொடர், மருத்துவப் புத்தகத்துக்கு வருவதற்கு முன்பே ஆங்கிலப் புனைகதைகளில் புழங்கியது. மருத்துவம் அந்தக் கேலியை எடுத்து அதற்குள் நோயை வைத்தது. மாணவர்கள் சிரிப்பதில் வியப்பில்லை. சிரிப்புத்தான் அங்கே பசை. அது இருந்தால்தான் நினைவு ஒட்டும்.

ஐந்தாவது எஃப் இன்னும் வேடிக்கை. எந்தச் சமவெளியில் யாருடைய உடலைப் பார்த்து எழுதிய நிறம் இது? கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படுகிறது, அதில் பெண்களே அதிகம். தென்னிந்தியாவில் கொழுப்புக் கற்களைவிட நிறமிக் கற்கள் பரவலாகப் பதிவாகியிருக்கின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் வேகமாகச் சிதையும் நோய்களிலும் அந்தக் கற்கள் உருவாகும். அதற்கு வயதும் வேண்டாம், எடையும் வேண்டாம். வேகமாக எடை இழந்தவர்களுக்கும் நீண்ட பட்டினி கிடந்தவர்களுக்கும்கூடக் கல் சேரலாம். நம் ஊரில் வாரத்துக்கு இரண்டு விரதம் இருந்து, வீட்டார் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தின்று ஒல்லியாக இருக்கும் பெண்ணை ஐந்து எஃப்களில் எதில் சேர்ப்பது?

இதைவிட அசிங்கமான வாய்பாடுகளும் உண்டு. மணிக்கட்டின் 8 எலும்புகளுக்கும் தலையிலிருந்து புறப்படும் 12 நரம்புகளுக்கும் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் சொல்லிவரும் ஆங்கில வாக்கியங்கள் பல, படுக்கையையும் பெண்ணைத் தொடுவதையும் பற்றியவை. அவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. 1875-இல் மேரி ஷார்லீபையும் இன்னும் மூன்று பெண்களையும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றார். பெண்கள் வகுப்பறைக்குள் நுழைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்று அந்த வகுப்புகளில் பாதிப் பேர் அவர்கள்தான். வாய்பாட்டுக்குள் மட்டும் அவர்கள் இன்னும் மேசைமேல் கிடக்கிற உடலாகவே இருக்கிறார்கள். மாடியில் இருப்பவளிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “சிரிக்கலன்னா நம்மளத்தான் பாப்பாங்க ஆன்ட்டி” என்றாள். எனக்கும் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. நானும் அப்படித்தான் சிரித்திருக்கிறேன்.

3

இப்போது அம்மா.

2013 ஐப்பசி, மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, “தாடை ரெண்டும் இழுக்குதுடி” என்றாள். பிறகு முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கிறது என்றாள். ஒரு முறை வாந்தி எடுத்தாள். ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்வை. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். டாக்டர் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “வாயு. கிழங்கு ஏதாவது சாப்ட்டீங்களா?” அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். முந்தின நாள் சேப்பங்கிழங்கு வறுவல். ஓர் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. வீட்டுக்கு வந்து பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு வந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது என்றார்கள். இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. அம்மா அதன் பிறகு ஐந்து வருடம் இருந்தாள். மாடி ஏறவில்லை. மல்லாந்து படுத்துத் தூங்கவில்லை.

அந்த டாக்டரை நான் பல வருடம் வைதிருக்கிறேன். பிறகு யோசித்தபோது ஒன்று உறைத்தது. அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூவருமே ஒரே சூத்திரத்தைத்தான் படித்திருந்தோம். மாரடைப்பு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தமிழ் சினிமா. மகள் ஓடிப்போன செய்தி வரும். வெள்ளைச் சட்டை அப்பா இடப்பக்க நெஞ்சைக் கையால் பிடிப்பார், தூணில் சாய்வார், விழுவார். அம்மாவும் அதே படங்களைத்தான் பார்த்தாள். படத்தில் அம்மாக்களுக்கு மாரடைப்பு வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்கு இருமல் வரும், தையல் மெஷினில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். எங்கள் வீட்டு நினைவுச் சூத்திரத்தில் நெஞ்சு ஆணுடையது.

மருத்துவப் புத்தகத்திலும் அந்தக் கை இருக்கிறது. முட்டியை மடக்கி நடுநெஞ்சில் வைத்து வலியைக் காட்டுவதை, பாஸ்டன் இதய மருத்துவர் சாமுவேல் லெவின் பெயரால் ‘லெவின் குறி’ என்கிறார்கள். நெஞ்சுவலி பெண்களுக்கும் முதன்மையான குறிதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் பெண்களுக்கு அதோடு தாடைவலி, முதுகுவலி, குமட்டல், மூச்சுத்திணறல், காரணம் தெரியாத அசதி ஆகியவை சேர்ந்து வருவது அதிகம். சில நேரம் நெஞ்சுவலியே இல்லாமல் இவை மட்டும் வரும். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். பாடப் புத்தகங்கள் இவற்றை ‘வழக்கமல்லாத குறிகள்’ என்று வகைப்படுத்திவந்தன. உலகில் பாதிப் பேருக்கு வருவதை வழக்கமல்லாதது என்று சொல்ல வேண்டுமானால் வழக்கம் எது என்பதை யாரோ ஏற்கெனவே முடிவு செய்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1977-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்க கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கும்படி வழிகாட்டியது. 1993-இல்தான் அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இடையில் 1991-இல் இதய மருத்துவர் பெர்னடீன் ஹீலி ஒரு தலையங்கக் கட்டுரை எழுதினார். ஐசக் பாஷவிஸ் சிங்கரின் கதையில் வேதம் படிப்பதற்காக ஆண் வேடமிடும் யெந்தல் என்ற பெண்ணின் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். தனக்கும் ஆணுக்கு வருவதுபோலவே இதயநோய் வந்திருக்கிறது என்று பெண் நிரூபித்தால்தான் ஆணுக்குக் கிடைக்கும் சிகிச்சை அவளுக்குக் கிடைக்கிறது என்றார். அதைப் படித்தபோது அம்மா அன்றைக்கு ஆண் வேடம் போட மறந்துவிட்டாள் என்று தோன்றியது.

‘வாயு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அது எம்பிபிஎஸ் பாடத்தில் இல்லை. வாத, பித்த, கபம் என்ற பழைய மூன்றிலிருந்து இறங்கி வந்து, வீட்டுப் பேச்சில் கலந்து, ஆங்கில மருத்துவம் படித்தவரின் வாயிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தேரையருக்கு வாதம் என்றால் ஓர் ஒழுங்கு. எட்டு வகையாகச் சோதித்து முடிவு செய்ய வேண்டியது. நம் கிளினிக்குகளில் அது சோதிக்காமலிருப்பதற்கான சொல்லாகிவிட்டது. இரண்டு மருத்துவ மரபுகளின் நினைவும் என் அம்மாவின் உடம்பின்மேல் சந்தித்தன. இரண்டும் அவளைக் கைவிட்டன.

4

குறி எங்கே இருக்கிறது என்பது போதாது, யாரிடம் இருக்கிறது என்று நாம் நம்புகிறோம் என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது. இன்னும் மூன்று எடுத்துக்காட்டுகள்.

வலது மேல்வயிற்று வலியோடு ஒரு கர்ப்பிணி வருகிறாள். பெண், பிள்ளைப்பேற்று வயது. ஐந்து எஃப்கள் மனப்பாடமானவருக்குப் பித்தப்பை நினைவுக்கு வரும். நம் ஊரில் வாயுவும் வரும். ஆனால் அதே இடத்தில் வலிக்கும் இன்னொரு நிலை இருக்கிறது. இரத்தச் சிவப்பணு சிதைவு, கல்லீரல் நொதிகள் உயர்வு, தட்டணுக்கள் குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தது. 1982-இல் லூயி வைன்ஸ்டைன் இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘ஹெல்ப்’ என்று பெயர் வைத்தார். உதவி என்று காதில் விழும் பெயர். தாயும் சேயும் சில மணி நேரத்தில் ஆபத்துக்குள் போகலாம். ஒரே வலிக்கு இரண்டு சூத்திரங்கள். ஒன்று அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, மற்றொன்று அவளுக்காகக் கூவுகிறது. எது முதலில் நினைவுக்கு வருகிறது என்பதில் ஓர் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, லூபஸ். இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். கன்னங்களிலும் மூக்கின்மேலும் பட்டாம்பூச்சிபோலச் சிவந்த தடிப்பு என்று மனப்பாடம் செய்வார்கள். அழகான உவமைதான். ஆனால் வெள்ளைத் தோலில்தான் அது சிவப்பு. மாநிறத்திலும் கறுப்பிலும் அது ஊதாவாகவோ கருமையாகவோ தெரியலாம். நம் வீடுகளில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: மங்கு. மஞ்சள் பூசு, குங்குமாதி தேய், வெயிலில் போகாதே. மூட்டுவலியைத் தனியாகவும் முடி கொட்டுவதைத் தனியாகவும் அசதியைச் சோம்பேறித்தனமாகவும் கணக்கெழுதிவிட்டு, முகத்தைக் கல்யாணச் சந்தைக்கு வேண்டிய ஒன்றாக மட்டும் பார்ப்போம். சிவப்புப் பட்டாம்பூச்சி தேடுகிறவர் கண்ணுக்கு எங்கள் பெண்களின் பட்டாம்பூச்சி படாது.

மூன்றாவது, மனம். தற்கொலை அபாயத்தை மதிப்பிட 1983-இல் வெளிவந்த ஒரு பத்து அம்ச வாய்பாடு ‘சாட் பெர்சன்ஸ்’. சோகமான மனிதர்கள் என்று பொருள்படும்படி எழுத்துகளைக் கோத்திருக்கிறார்கள். அதில் ஆணாக இருந்தால் ஒரு மதிப்பெண். துணை இல்லாவிட்டால் ஒரு மதிப்பெண். மேற்கு நாடுகளின் எண்களைப் பார்த்தால் இதற்குக் காரணம் புரியும். வேலூருக்கு அருகில் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்த ஆய்வை 2004-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் லட்சத்துக்கு 148 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அதே வயது ஆண்களில் 58 பேர். 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு, இந்தியாவில் தற்கொலையால் இறக்கும் பெண்களில் மணமானவர்களின் பங்கே அதிகம் என்று காட்டியது.

இப்போது வாய்பாட்டை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பெண், போன வருடம் கல்யாணம் ஆனவள், விபத்துப் பிரிவில் படுத்திருக்கிறாள். ஆண் இல்லை, ஆகவே அந்த மதிப்பெண் இல்லை. துணை இருக்கிறது, ஆகவே அந்த மதிப்பெண்ணும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் கணவனை வாய்பாடு அவளுக்கான பாதுகாப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவள் ஏன் அங்கே வந்து படுத்திருக்கிறாள் என்பதற்கான விடையே அவனாக இருக்கலாம். அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசு என்று அந்தப் பத்து எழுத்துகளில் ஓர் எழுத்தும் சொல்லவில்லை.

5

பெண்களிடம் நோய்க்குறிகளுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நெஞ்சு கரிக்குது, படபடன்னு வருது, கண்ணு இருட்டுது, இடுப்பு கழண்டு போகுது, அடிவயிறு கவ்வுது, கை கால் உளையுது. ‘உளைச்சல்’ வலியா சோர்வா என்று கேட்டால் இரண்டும்தான். மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போவதற்குச் சித்த மருத்துவத்தின் பெயர் பெரும்பாடு. இதைவிடச் சுருக்கமான சூத்திரம் எங்கே கிடைக்கும்? நோயையும் அதைச் சுமப்பவளின் நாளையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. சிக்கல் எங்கே என்றால், பெண்ணின் பாடு பெரும்பாடுதான் என்று ஊரே ஏற்றுக்கொண்ட பிறகு அதற்கு யாரும் மருந்து தேடுவதில்லை. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் தம் அசதியை ஒரு குறி என்று நினைத்திருப்பார்கள்?

இந்தச் சொற்களைக் கேட்கத் தெரிந்தவர்களும் நம்மிடையே உண்டு. கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்றபடியே கர்ப்பிணியின் கீழ் இமையை விலக்கிப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், உள்ளங்கையைத் திருப்புவார். கறுத்த தோலில் வெளுப்பை எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். “வளையல் இறுகுதா? காலைல எந்திரிக்கறப்ப முகம் ஊதி இருக்கா? கண்ணு மங்குதா?” என்று கேட்பார். வளையல் இறுகுவது வீக்கத்தின் குறி. இந்தக் கேள்விகளுக்கு முதலெழுத்துக் கோவை எதுவும் இல்லை. பெண்ணின் கையிலும் அவள் நாளிலும் இருக்கும் பொருள்களிலேயே அவை நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்றையும் மகப்பேற்றையும் தமிழ் நூல்களாக்கினார். தமிழில் முடியுமா என்ற கேள்வி அப்போதே முடிந்துபோன ஒன்று. யார் வாயிலிருந்து எடுத்த தமிழ் என்பதுதான் மிச்சம்.

போன மாசி மாதம் மாடிப் பெண்கள் நால்வரும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். அம்மாவின் கதையை அவர்களிடம் சொல்லிவிட்டு, பெண்ணின் மாரடைப்புக்கு நாமே ஒரு வாய்பாடு கட்டலாம் என்றேன். முதலெழுத்துக் கோவை தமிழில் நிற்கவில்லை. எண்ணுக்குத் திரும்பினோம். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு இப்படி வந்தது:

நெஞ்சு, தாடை, தோள், முதுகு: இடம் நாலு.
வேர்வை, வாந்தி, திணறல், அசதி: குறி நாலு.

இலக்கணப்படி இது பாட்டு இல்லை. என் மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். எட்டில் ஒன்று வந்தாலே மாரடைப்பு என்று பொருளில்லை. புதிதாக, திடீரென்று, ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் போ என்று பொருள். இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம் என்று எழுந்தபோது, மோட்டார் போட வருகிறவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணு விட்டுட்டோம் ஆன்ட்டி. உங்கம்மாவே வாயுன்னு ஒத்துக்கிட்டாங்க இல்ல? நாளைக்கு எங்கிட்ட வர்ற அம்மாவும் அதான் சொல்வாங்க.”

மூன்றாவது வரியை அவளே எழுதினாள். அந்தத் தாள் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது:

வாயுன்னு அவங்களே சொன்னாலும், ஈசிஜி எடு.